நீலத்துக்கு ஒரு நேர்த்திக்கடன்

இனிமேல் இந்த வீட்டில் நீலத்தைத் தவிர வேறு எந்த நிறமும் கொதிக்கக் கூடாது என்று பிச்சைமுத்து தீர்மானம் எடுத்தார். தீர்மானம் எடுத்த இடம் குளியலறை. கையில் ஒரு சின்ன மருந்துப் பாட்டில். வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி பத்மாவதி.

"என்னங்க, ஆச்சா?"

"வருது, வருது."

"விளக்கு எரியுதுங்க. ஸ்பிரிட்டு வீணாப் போவுது லா."

பிச்சைமுத்துவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. பினாங்குத் துறைமுகக் கிடங்கில் சாமான் கணக்குப் பார்க்கிற மனிதருக்கு, உடம்பிலும் கணக்குப் பார்க்க வேண்டிய வியாதி வந்துவிட்டது. தினமும் காலையில் சிறுநீரைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லி, டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு புட்டி நீலத் தண்ணீரும் கொடுத்தனுப்பினார். குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றி, இவர் கொடுப்பதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் பத்மாவதி முறைப்பாள். செங்கல் நிறம் வந்தால் அன்று முழுவதும் கஞ்சி.

துணி மாட்டும் கிளிப்பால் குழாயைப் பிடித்துக்கொண்டு அவள் விளக்கின் முன்னால் நிற்கும்போது, தீர்ப்புச் சொல்லப் போகிற நீதிபதி மாதிரி இருக்கும். நாற்றம் வேறு. சிறுநீர் கொதித்தால் சும்மா இருக்குமா? டத்தோ கிராமட் சாலையின் பின்சந்து வரைக்கும் போயிற்று. முதல் நாளே பத்மாவதி ஓர் ஊதுபத்தியை ஏற்றிப் பக்கத்தில் செருகிவிட்டாள். சாமி கும்பிடவும் அதே ஊதுபத்திக் கட்டு, சர்க்கரை பார்க்கவும் அதே கட்டு.

ஒரு வாரமாகச் செங்கல். வீடே கட்டிவிடலாம் போல இருந்தது.

கஞ்சிக்குப் பயந்துதான் பிச்சைமுத்து அந்தத் தீர்மானம் எடுத்தார் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி புக்கிட் மெர்தாஜாமில் இருந்தது. அங்கே அவருடைய அண்ணன் தங்கராஜு இருந்தார். அவருக்கும் இதே வியாதி. முதலில் ஒரு விரல் போயிற்று, அப்புறம் முழங்காலுக்குக் கீழே எல்லாம் போயிற்று. தீபாவளிக்குப் பார்க்கப் போனபோது கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. பத்மாவதி பேசிக்கொண்டே அந்தச் செருப்பைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பிச்சைமுத்து பார்த்தார். திரும்பி வரும்போது பெர்ரிப் படகில் பத்மாவதி அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் தினமும் சாயங்காலம் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவருடைய கால் விரல் இடுக்கையெல்லாம் பார்க்க ஆரம்பித்தாள். அவரோ, செங்கல் நிறத்தைப் பார்க்கவே கூடாது என்று நினைத்தார். பார்க்காத நிறம் என்ன செய்துவிடும்?

தெருமுனையில் நூர் முகம்மதுவின் தேநீர்க் கடை.

"சீனியும் பாலும் போடாம ஒரு தே ஓ. தண்ணியாப் போட்டுக் கட்டிக் குடு, தம்பி."

"யாருக்கு அண்ணே, சீனி இல்லாம?"

"வீட்டுல ஒருத்தருக்கு."

"அப்ப ஒங்களுக்கு?"

"எனக்கு வழக்கம்போல."

வழக்கம்போல என்றால் குவளையின் அடியில் விரல்கடை உயரத்துக்குக் கட்டிப்பால். அதன்மேல் தேநீர். பக்கத்தில் ஒரு தட்டு, தேங்காய்ப்பூவும் வெல்லமும் வைத்த பலகாரம். சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, கட்டிக் கொடுத்த தேநீரை மறைத்து எடுத்து வந்து குளியலறைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பார். காலையில் அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் பார்வைக்கு அசல். சீனி இல்லாத தேநீர் குழாய்க்கு, சீனி உள்ளது பிச்சைமுத்துவுக்கு. அந்த வீட்டில் ஒழுங்காகப் பத்தியம் இருந்தது அந்தக் கண்ணாடிக் குழாய் ஒன்றுதான்.

மறுநாள் நீலம். அதற்கு மறுநாளும் நீலம்.

"அட, நின்னுருச்சே," என்றாள் பத்மாவதி. குழாயை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "கொஞ்சம் கறுத்த நீலமா இருக்கு."

"நல்ல நீலம்னா அப்படித்தான்."

"அப்படியா? சரி."

சில நாளில் அவள் ஊதுபத்தி ஏற்றுவதைக்கூட நிறுத்திவிட்டாள். கட்டு தீர்ந்திருக்கும் என்று பிச்சைமுத்து நினைத்துக்கொண்டார். தன் சாமர்த்தியத்தை நினைத்தால் அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் தாகம் மட்டும் அடங்கவில்லை. கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே நடக்கும்போது பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் எறும்பு இருக்காது. எறும்பே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பத்மாவதி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். அவர் நெற்றியில் விபூதியைப் பூசினாள்.

"தெனமும் நீலம். எனக்கே நம்ப முடியலைங்க."

"கட்டுப்பாடு, பத்மா. எல்லாம் கட்டுப்பாடு."

"அதான் முருகனுக்கு வேண்டிக்கிட்டு வந்துட்டேன்."

"என்னான்னு?"

"தைப்பூசத்துக்கு நீங்க பால்குடம் எடுத்து மலை ஏறுவீங்கன்னு. ஒரு மண்டலம் வெரதம். அன்னைக்கு வெறுங்காலு."

பிச்சைமுத்துவுக்கு விபூதி கண்ணுக்குள் விழுந்த மாதிரி இருந்தது.

"என்னைய ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"நல்லதுக்குக் கேட்டுக்கிட்டா இருப்பாங்க? நீலத்தக் குடுத்தது அவருதானே?"

நீலத்தைக் கொடுத்தது நூர் முகம்மது என்று எப்படிச் சொல்வது?

"வீட்டுக்குள்ளகூடச் செருப்பு இல்லாம நடக்காதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரே."

"அது சர்க்கர இருக்கறவங்களுக்கு. ஒங்களுக்குத்தான் இல்லையே," என்று சொல்லிவிட்டுப் பத்மாவதி அடுப்படிக்குப் போனாள்.

அங்கேதான் பிச்சைமுத்து மாட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கால் போகும். தார் ரோட்டு வெயில், உடைத்துப் போட்ட தேங்காய்ச் சில்லு, படிக்கட்டு. கண்ணை மூடினால் ஒற்றைச் செருப்பு வந்து நின்றது.

விரதம் தொடங்கியது. வெளியில் கை நனைக்கக் கூடாது. பிச்சைமுத்து அசரவில்லை. அன்று சாயங்காலமே தெருமுனைக்குப் போனார்.

"தம்பி, வழக்கம்போல."

நூர் முகம்மது குவளையைத் தொடவில்லை. "வேணாம் அண்ணே. நீங்க தண்ணிமலைக்கு வெரதம்னு அக்கா வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"சரி, எனக்கு வேணாம். அந்தச் சீனியில்லாதத மட்டும் கட்டிக் குடு."

"அதுவும் முடியாது."

"அது நான் குடிக்கறதுக்கு இல்ல லா."

"குடிக்காம என்ன அண்ணே பண்ணுவீங்க?"

உண்மையைச் சொன்னால் பினாங்குத் தீவையே காலி செய்ய வேண்டியிருக்கும் என்று பிச்சைமுத்து காசைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டார்.

"ஒரு நோன்ப முறிக்க வச்ச பாவம் எனக்கு வேணாம்ணே. பூசம் முடியட்டும், நானே வீட்டுக்குக் கொண்டாந்து தாரேன்."

வீட்டுக்கு வந்து அடுப்படி டப்பாக்களைத் திறந்து பார்த்தார். தேயிலை டப்பாவில் பொட்டுக்கடலை இருந்தது.

"என்ன தேடுறீங்க?"

"தேத்தூளு."

"வெரதத்துல தேத்தண்ணி எதுக்கு?"

மறுநாள் காலை குளியலறையில் நின்று யோசித்தார். வெறும் தண்ணீர் கொடுத்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். மடியில் ஒளித்துக் கொண்டுபோயிருந்த மஞ்சள்தூளை ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கலக்கினார். அழகான நிறம். ஒரு டாக்டரே ஏமாந்திருப்பார்.

பத்மாவதி குழாயில் சொட்டு விட்டாள். விளக்கில் இன்னும் காட்டக்கூட இல்லை. நீலத் தண்ணீர் கலங்கிச் சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்பது கல்யாண வீட்டில் தட்டு ஏந்துகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த நீலத் தண்ணீரிலும் சுண்ணாம்பு மாதிரி ஒரு காரம் இருக்கிறது என்பது பிச்சைமுத்துவுக்குத் தெரியவில்லை.

இரண்டு பேரும் குழாயைப் பார்த்தார்கள்.

"ஆரத்தி மாதிரி இருக்குங்க."

"ஆமா."

"சுத்திப் போட்டுரவா?"

"வேணாம்."

அவள் விளக்கை ஊதி அணைத்தாள். குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வேறு வழியில்லை. அடுத்த நாள் பிச்சைமுத்து அசலையே கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். குழாய் கொதித்தது. பச்சை வந்து போயிற்று, மஞ்சள் வந்து போயிற்று, செங்கல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கண்ணு பட்டிருக்கும்," என்றாள் பத்மாவதி. ஓர் ஊதுபத்தியை எடுத்து ஏற்றினாள். கட்டுக்குள் பத்திகள் நிறையவே இருந்தன.

"பூசத்துக்குள்ள நீலம் வந்துருமா?"

"வராம? நீங்கதான் கட்டுப்பாடானவராச்சே."

விரதம் என்றால் ஒரு வேளைதான் சாப்பாடு என்று பிச்சைமுத்து கேள்விப்பட்டிருந்தார். இது வேறு மாதிரி விரதமாக இருந்தது. காலையில் கேழ்வரகுக் கஞ்சி. மத்தியானம் கைப்பிடிச் சோறு, முருங்கைக்கீரை, பாகற்காய். ராத்திரி இரண்டு சப்பாத்தி.

"வேளையையும் விடக் கூடாது, மாத்திரையையும் விடக் கூடாது," என்றாள்.

"முருகன் எப்பப் பத்மா மாத்திரையப் பத்திச் சொன்னாரு?"

"டாக்டர் வழியாச் சொன்னாரு."

டாக்டர் முதல் நாள் சொன்ன சாப்பாடும் முருகன் கேட்கிற சாப்பாடும் எப்படி ஒன்றாக இருக்கின்றன என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் சாமி விஷயத்தில் துருவிக் கேட்கக் கூடாது. சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு தண்ணீர்மலை வரைக்கும் நடை. பஸ் இல்லையா என்று கேட்டார். வெரதக்காரங்க நடந்துதான் போவணும் என்று பதில் வந்தது.

இந்தத் தடவை பிச்சைமுத்து திருடவில்லை. திருட வழியில்லை என்பது ஒன்று. கால் இன்னொன்று. பூசத்துக்குள் அசல் நீலம் வராவிட்டால், சர்க்கரைக் காலோடு வெறும் தாரில் நடக்க வேண்டும். கிடங்கில் யாரோ மிட்டாய் நீட்டினார்கள். பாம்பைக் கண்டவர் மாதிரிப் பின்வாங்கினார். தினமும் காலையில் அவரே போய் அடுப்படிக் கதவைத் தட்டுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

"பத்மா, சீக்கிரம் வையேன். என்ன நெறம்னு பாக்கணும்."

செங்கல் மஞ்சளாயிற்று. மஞ்சளிலேயே பல நாள் நின்று உயிரை வாங்கியது. ஒருநாள் மறுபடியும் செங்கலுக்குத் திரும்பியது. அன்றைக்கு அவர் சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்.

"பத்மா, ஒண்ணு சொல்லணும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுங்க."

"கீரையில உப்பு கம்மி."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தாள்.

தைப்பூசத்தன்று விடியற்காலையில் ஊதுபத்திப் புகைக்கு நடுவே குழாய் கொதித்தது. கொதித்து அடங்கியது. நீலம். கறுப்பு கலக்காத, புது மையூற்றின மாதிரி நீலம். பிச்சைமுத்து அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இத்தனை நாள் எத்தனையோ நீலம் பார்த்த மனிதர். இதுதான் அவருடைய முதல் நீலம்.

"இருந்தாலும் பத்மா," என்றார், "எனக்குக் கால நெனச்சா பயமா இருக்கு."

பத்மாவதி மஞ்சள் சேலையில் இருந்தாள். கட்டிலுக்கடியில் கையை விட்டு ஒரு பெட்டியை இழுத்தாள். உள்ளே புதுக் கேன்வாஸ் சப்பாத்து, ஒரு ஜோடி.

"போட்டுக்குங்க. பால்குடம் நான்தான் எடுக்கப் போறேன்."

"வேண்டுதல்?"

"முருகன்கிட்டப் பேசி மாத்திக்கிட்டேன். மலை ஏறணும், அவ்வளவுதான். யாரு காலுன்னு அவரு பாக்க மாட்டாரு."

"எப்ப மாத்துன?"

"வேண்டிக்கிட்ட அன்னைக்கே." குனிந்து அவருடைய சப்பாத்துக் கயிற்றை அவளே கட்டினாள். "இந்த வீட்டுல ஒத்தச் செருப்பு கெடக்கக் கூடாதுங்க. அதுதான் வேண்டுதலே."

பிச்சைமுத்து மற்றக் காலையும் நீட்டினார்.

அவள் குடத்தோடு மேலே போனாள். பிச்சைமுத்து அடிவாரத்தில் நின்றார். தண்ணீர்ப் பந்தலில் ரோஜா நிறத்தில் இனிப்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெரதம் என்று கையை ஆட்டிவிட்டார். வெயில் ஏற ஏற அவர் கண் மலைப்படியை விட்டு நகரவில்லை. கடைசியில் அவள் இறங்கி வந்தபோது பாதம் இரண்டும் சிவந்திருந்தன. உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினார். விரல் இடுக்கையெல்லாம் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. மனசு லேசாகிவிட்டது. மனசு லேசானதும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது.

"அப்ப நாளையோட வெரதம் முடியுது."

"முடியுது."

"சும்மா அப்படியே நூர் முகம்மது கடப் பக்கம் போயிட்டு வரலாம்னு..."

"போயிட்டு வாங்க. ஆனா அந்தச் சீனியில்லாத தேத்தண்ணிய இனிமே நீங்க குடிங்க. குழாய்க்குக் குடுக்காதீங்க."

பிச்சைமுத்து கையிலிருந்த தண்ணீர்க் குவளை அப்படியே நின்றது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

பத்மாவதி காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அசல் கொதிச்சா ஊதுபத்தி வேணும். ஒங்களோடது கொதிச்சப்ப எனக்குப் பிஸ்கட்டு திங்கணும் போல இருந்துச்சு."