பென்சன் நியூட்ரான் விண்மீனுக்குச் செவிசாய்த்த படலம்

வாழ்க பென்சன்! சஞ்சீவி மலைச் சாரலில் வீற்றிருக்கும் இராசபாளைய மாநகரத்துச் செம்மல், கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் இயற்பியல் போதிக்கும் நாவலன், கல்லூரிப் பேருந்தின் சன்னலோர இருக்கைக்கு என்றென்றும் உரியவன், செலினா என்னும் நல்லாளின் கணவன்! அன்னான் புகழை உரைக்கத் துணிந்த என் நாவே, நடுவில் சிரித்துத் தொலைக்காதே.

அண்டப் பெருவெளியில், ஒரு நகரத்தளவே ஆன மேனிக்குள் ஒரு சூரியனின் எடையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, நொடிக்குப் பல நூறு முறை சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்று உண்டு. அதன் மேனியில் கடுகுயர மேடு ஒன்று இருக்குமாயின், அது சுழலச் சுழல ஈர்ப்பலை எழும். ஓயாது, ஒரே சுருதியில், ஊழிதோறும் எழும். ஆனால் அது கல்யாண மண்டபத்து மேளத்துக்கு நடுவே கொசு பாடுவதை ஒக்கும். அயல்நாட்டுக் கருவிகள் மாதக்கணக்காகப் பதிந்த இரைச்சலையெல்லாம் கூட்டிக் கழித்து, பூமி ஆடும் ஆட்டத்தையும் நீக்கினால்தான் அதன் குரல் கேட்கும்.

அந்தக் கணக்கைத்தான் பென்சனின் வீட்டுக் கணினி கார்த்திகையிலிருந்து இரவுபகலாகப் போட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை முடிவை அனுப்பாவிட்டால், ஆய்வுக் கட்டுரையிலிருந்து அவன் பெயர் நீங்கிவிடும். இடையில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்திருக்கலாம். "நம்ம வீட்ல எவன் அணைக்கப் போறான்?" என்று மாவீரன் அதை விட்டுவிட்டான்.

மின்வெட்டு என்னும் அரக்கன் படையெடுத்தான். இன்வெர்ட்டர் என்னும் கேடயத்தால் பென்சன் அவனை வென்றான். எறும்புச் சேனை புகுந்தது. மஞ்சள்பொடியால் கோட்டை கட்டித் தடுத்தான். ஆயின் மார்கழிக் குளிரில், ஆப்பமாவு நிறைந்த எவர்சில்வர் சட்டியை ஏந்திச் செலினா வந்தாள். வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் கணினியின் தலைதான் என்று அவள் கண்டுகொண்டாள். அவள் ஏற்றினாள், அவன் இறக்கினான், மீண்டும் ஏற்றினாள், குருச்சேத்திரமும் நாணும்படி மூண்டது போர்.

"ஏட்டி! உலகமே திரண்டு வந்தாலும் இந்தப் பொட்டி நிக்காது! நின்னா பொறவு நான் பென்சன் இல்ல!" என்று முழங்கினான் அவன்.

"நாளைக்கு எங்க அண்ணமாரு ஆப்பம் திங்க வாராவ. மாவு பொங்கலைன்னா இந்த வீட்ல எனக்கு என்ன மரியாதை?" என்று சங்கநாதம் செய்தாள் அவள்.

ஈற்றில் உடன்படிக்கை பிறந்தது: சட்டி தலைமேல் ஏறாது, வெப்பக்காற்று வெளியேறும் முதுகுப்புறத்தில் அமரும். வெற்றி இருவருக்கும் என்று களித்து, சனிக்கிழமை மாலை இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கல்யாண வரவேற்புக்குப் புறப்பட்டனர். கேஸைத் திருகி, குழாயை அடைத்து, கொல்லைக் கதவைத் தாழிட்டு, வெளியூர் போகும் குடும்பத்தலைவன் செய்யவேண்டிய கிரியைகள் யாவற்றையும் பென்சன் முறை வழுவாது முடித்தான். அன்றிரவு அங்கேயே செலினாவின் அண்ணன் வீட்டில் தங்கி, விண்மீனின் பெருமையை மைத்துனர் இருவருக்கும் தொண்டை வறள எடுத்துரைத்தான்.

ஞாயிறு காலை மைத்துனர் புடைசூழ வந்து கதவைத் திறந்தான். உள்ளே ஓசை இல்லை. திரை கறுத்திருந்தது, கணினி சில்லிட்டிருந்தது, அதன் பின்னே மாவு வைத்த மேனிக்கு அசையாமல் கிடந்தது. வீரனின் நெஞ்சு உடைந்தது, கண்ணே கலங்கிவிட்டது.

"ஏலே! எவம்லே அணைச்சது?" என்று எண்திசையும் அதிரக் கேட்டான்.

"நீங்கதான் அணைச்சிய. வெளியூர் போனா மெயின அணைக்காம நீங்க என்னைக்குக் கதவப் பூட்டியிருக்கிய?" என்றாள் செலினா. பிறகு குரல் தாழ்த்தி, "நானும் செருப்ப மாட்டிக்கிட்டே, இன்வெர்ட்டரையும் அணைங்கன்னு சொன்னேன்" என்றாள்.

அன்றைக்கு எல்லாரும் ரவை உப்புமா சாப்பிட்டார்கள்.