கடைசிக் குமிழி

பந்தயம் ஓட்டுகிறவர்கள், பந்தயம் பார்க்கிறவர்கள் என்று உலகத்தில் இரண்டே வகையினர்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும், மூன்றாவது ஓர் இனம் உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கிறது. பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள். இவர்கள் போன வருடமும் தயாராகிக்கொண்டிருந்தார்கள்; வரும் வருடமும் தயாராகிக்கொண்டிருப்பார்கள்; நடுவில் யாராவது "சரி, ஓட்டித்தான் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டால் அடிமடியில் கை வைத்ததுபோலப் பதறிப்போவார்கள். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மண்பாதையில் ஓட்டுகிற சின்னப் பந்தயக் கார்களின் உலகத்தில் இந்த இனம் செழிப்பாக வளர்கிறது. அதில் நன்றாக முற்றிய ஒருவரைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். மெதுவாக வாருங்கள். அவர் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

மனிதருக்குத் தொழில் பல்செட் கட்டுவது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு செய்து கொடுப்பவர் அவர்தான். மருத்துவர் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, பல்செட் கீழ்வரிசையில் கொஞ்சம் உரசுகிறதாமே என்று கேட்டால், "ரெண்டு வாரம் போட்டுக்கச் சொல்லுங்க டாக்டர், வாய் பழகிக்கும்" என்று சொல்லி வைத்துவிடுவார். மனித வாய் பழகிக்கொள்ளலாம். அவருடைய காரின் ஷாக் அப்சார்பர் பழகிக்கொள்ளக் கூடாது. அங்கே ஒரு தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பந்தயத் திடலில் இவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. குமிழியார் என்பார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கார் ஒரு முழ நீளம் இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் நான்கு ஷாக் அப்சார்பர். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குழாய், குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட ஒரு சின்ன வில்லை, தண்டின் முனையில் மேலும் கீழும் போய்வரும், வெளியே ஒரு சுருள்வில். கார் மேட்டில் ஏறித் தாவிக் குதிக்கும்போது வில் தாங்கும், எண்ணெய் துள்ளலை அடக்கும். இவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் எண்ணெய் ஊற்றும்போது கூடவே காற்றும் உள்ளே நுழைந்து குமிழியாக உட்கார்ந்துகொண்டால், அந்த இடத்தில் மட்டும் தண்டு பிடிப்பில்லாமல் வழுக்கும். குமிழி போக வேண்டுமானால் தண்டை மெல்ல மெல்ல ஏற்றி இறக்க வேண்டும், குழாயை நிமிர்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும், பிறகு மூட வேண்டும். மற்றவர்கள் கால் மணி நேரம் காத்திருப்பார்கள். குமிழியார் மூன்றாவது வருடமாகக் காத்திருக்கிறார்.

இந்தத் திருப்பணி நடப்பது வீட்டின் சாப்பாட்டு மேஜையில். ஆட்டம் இல்லாத, ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிற ஒரே இடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைத் துண்டை விரிப்பார். மின்விசிறி நிறுத்தப்படும், தூசி பறக்கும் என்பதால். ஜன்னல் சாத்தப்படும், அதே காரணம். நான்கு குழாய்களும் மரத்தாங்கியில் வரிசையாக நிற்கும். குமிழியார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டார்ச்சும் கையுமாக ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பார். ஒரு குமிழி மேலே வந்து வெடிக்கும். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இன்னொன்று வரும். அதற்குள் பக்கத்தில் யாராவது நாற்காலியை இழுத்துவிட்டால் போயிற்று, எண்ணெய் கலங்கிவிட்டதென்று நான்கையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அதனால் அந்த வீட்டில் நாற்காலி இழுக்கப்படுவதில்லை. அவர் மனைவி ஃபிரிஜ்ஜின் மேல் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிடப் பழகியிருந்தார்.

அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. பள்ளியின் கால அட்டவணையைப் போடுவதும் அவர்தான். மணி அடித்தால் வகுப்பு தொடங்கியாக வேண்டும், சாக்பீஸ் சரியான நீளத்தில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவருடைய கட்சி. அவருடைய தம்பி, அதாவது குமிழியாரின் மைத்துனன், பார்சல் வண்டி ஓட்டுகிறவன். அவனும் அதே திடலில் கார் ஓட்டுகிறான். அவன் காரின் ஷாக் அப்சார்பர்களை அவன் வாங்கிய நாளிலிருந்து திறந்ததே இல்லை. ஒன்று ஒழுகும், ஒன்று முனகும், வில் முழுக்க மண் அப்பியிருக்கும். இதற்கு என்ன எண்ணெய் ஊற்றுகிறாய் என்று குமிழியார் ஒருமுறை அடித்தொண்டையில் கேட்டார். "வரும்போது எது இருந்துச்சோ அதுதான் அத்தான்" என்றான். மூன்று வருடத்தில் ஆறு கோப்பை வாங்கியிருந்தான். குமிழியாருக்கு அந்தக் கோப்பைகளைவிட அந்த மண்தான் மனதை அறுத்தது.

குமிழியார்? ஒரு முறைகூட முடிவுக்கோட்டைத் தாண்டியதில்லை. காரணம் கேட்டால் அடுக்குவார். ஒரு நாள் வெயிலில் எண்ணெய் இளகிவிட்டது. ஒரு நாள் குளிரில் இறுகிவிட்டது. ஒரு நாள் வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. அந்த நிலைமைக்கு ஏற்ற எண்ணெயை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார். உண்மைக் காரணத்தை நான் சொல்லிவிடுகிறேன், அவர் காதில் விழ வேண்டாம். பயம். ஓட்டினால் தோற்கலாம். மேஜைமேல் அவர் இதுவரை யாரிடமும் தோற்றதில்லை.

பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முந்தின வாரம், ஃபிரிஜ் மேலிருந்த ரசம் சரிந்து ஆசிரியையின் விடைத்தாள் கட்டின்மேல் கொட்டியது. நாற்பது மாணவர்களின் அல்ஜீப்ரா நனைந்துவிட்டது. அவர் கத்தவில்லை. ஈரத் துணியோடு வந்து மேஜையின் எதிரே நின்றார்.

"ஒரே ஒரு தடவை அந்தக் கோட்டைத் தாண்டுங்க. கடைசியா வந்தாக்கூட போதும், மேஜை உங்களுக்கே. தாண்டலைன்னா அது சாப்பிடறதுக்கு. உங்க டப்பா எல்லாம் தம்பி வீட்டு மாடிப்படிக்குக் கீழ போயிடும்."

குமிழியார் மரத்தாங்கியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மாடிப்படிக்குக் கீழே வெளிச்சமும் கிடையாது, தரையும் சமம் இல்லை. அங்கே எந்தக் குமிழி நம்பி மேலே வரும்?

பந்தய நாள் வந்தது. மொத்தம் மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம். முதல் சுற்றுக்கு எல்லாரும் காரை வரிசையில் வைத்துக்கொண்டிருக்கும்போது, குமிழியார் முன்பக்க ஷாக் இரண்டையும் அழுத்திப் பார்த்தார். இடது பக்கத்தது ஒரு மூச்சு தாமதமாக எழுந்தது போலிருந்தது. திறந்தார். அவர் மூடி நிமிர்ந்தபோது திடலில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சுற்றில், கடுகளவு ரப்பர் வளையம் ஒன்று கைதவறிப் புல்லில் விழுந்தது. பந்தயம் நடத்தும் நடுவர் உட்பட நான்கு பெரியவர்கள் மண்டியிட்டுத் தேடினார்கள். கடைசியில் அது அவர் சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது சுற்றுக்கு ஆசிரியை கருவிப்பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வேறு வழியே இல்லாமல் மனிதர் ரிமோட்டோடு, ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் ஏறினார்.

கொடி விழுந்தது. நீங்கள் நம்பமாட்டீர்கள், கார் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன்? வழுக்கிக்கொண்டு போயிற்று. மற்ற கார்கள் மேட்டிலிருந்து குதித்துத் தவளைபோலத் தத்தும்போது, அவருடையது பூனைபோல இறங்கியது. மூன்று வருடத் தவம் வீண்போகவில்லை. எட்டாவதாக இருந்தவர் ஐந்தாவது ஆனார், மூன்றாவது ஆனார். தன் கையால் கட்டிய ஒரு பொருள் தனக்கு முன்னால் ஓடுவதை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். ஆசிரியை தன்னையறியாமல் பெட்டியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

கடைசிச் சுற்றின் கடைசி மேடு. கார் தாவி இறங்கியது. பின்பக்க இடதுமூலை, மற்ற மூன்றைவிட, ஓர் இமைப்பொழுது அதிகம் அமுங்கியது. திடலில் இருந்த வேறு யாருக்கும் அது தெரியவில்லை. நடுவருக்குத் தெரியவில்லை. காருக்கே தெரியவில்லை.

முன்பே முதலாவதாக வந்து முடித்துவிட்டிருந்த மைத்துனன், மேடையில் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவர் விரல் தயங்கியதை அவன் பார்த்துவிட்டான்.

"அத்தான், வேண்டாம். இன்னும் பத்தடிதான். நேரா விடுங்க."

குமிழியார் காரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். காரை ஓரமாகத் திருப்பி, கோட்டுக்குப் பத்தடி முன்னால், பழுதுபார்க்கும் பாதையில் கொண்டுவந்து நிறுத்தினார். மேடையிலிருந்து இறங்கி ஓடினார். மனைவி எழுந்துவிட்டிருந்த கருவிப்பெட்டியைத் திறந்தார், ஷாக்கைக் கழற்றினார், மூடியைத் திருகி எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எண்ணெய் கண்ணாடிபோல இருந்தது. தேடினார். சாய்த்துப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை.

"பாத்தியா?" என்று மனைவியிடம் நிமிர்ந்தார். மனிதர் முகத்தில் இருந்த ஆனந்தத்தை என்னால் விவரிக்க முடியாது. "ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு. நான் கட்டினதுல தப்பே இல்ல."

அவர் பின்னால் நடுவர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குமிழியார் திறந்துவிட்ட மூடி வழியாகக் காற்றும் உள்ளே போய்விட்டிருந்தது.

சாயங்காலமே டப்பாக்கள் மாடிப்படிக்குக் கீழே குடியேறின. மேஜை ஆசிரியை வசம் வந்தது. குமிழியாருக்குப் பசித்தது, மூன்று வருடத்துக்குப் பிறகு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதில் ஓர் ஆறுதல் இருக்கும் என்று தட்டோடு வந்தார். ஆசிரியை கையை நீட்டித் தடுத்தார். மேஜைமேல் எண்ணெய் வட்டம் ஒன்று இருந்ததாம். அதைத் துடைத்ததும் பக்கத்தில் இன்னொன்று தெரிந்ததாம். மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்த இடம் வெளுத்ததால் முழுவதற்கும் வார்னிஷ் அடிக்க வேண்டியதாயிற்று. வார்னிஷ் காய்ந்ததும் நாற்காலிகள் பழசாகத் தெரிந்தன. அவை கடைக்குப் போயிருக்கின்றன. விரிப்பு ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறது, ஓரத்தில் கோடு நேராக வரவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியாகிவிட்டது.

மேஜை வந்து ஐந்து மாதம் ஆகிறது. அதன்மேல் இதுவரை ஒரு பருக்கை விழவில்லை. ஃபிரிஜ்ஜுக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அந்த அம்மாளுமாக நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள். அவசரப்பட்டு உட்கார்ந்து கெடுத்துவிடக் கூடாது என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் இப்போது கருத்து வேறுபாடே இல்லை. குடும்பம் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், வேண்டாம், நான் ஒன்றும் கேட்கவில்லை. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று அலமாரியில் வைத்திருக்கும் கண்ணாடிக் கோப்பைகளைப் பற்றியோ, கையெழுத்து திருந்திய பிறகு எழுதலாம் என்று வாங்கிய டைரியைப் பற்றியோ, அந்த நண்பரிடம் சரியான வார்த்தை கிடைத்ததும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்களே, அதைப் பற்றியோ நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் போன் நம்பரை மாற்றிவிட்டாராம். தெரியுமா?