டெல்ஃபி மேட்டில் ஊதிய விசில்

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்து ஒரு சபதம் எடுத்தேன். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, மத்தியானம் மூன்று மணிக்கு நான் லாம்ப்ரோஸ் கடையில், என் நாற்காலியில் இருப்பேன்!

கால்பந்துக் கோப்பை ஆட்டம் ஐயா. எங்கள் பிரேயஸ் அணியும் சலோனிக்கா அணியும் மோதுகின்றன. லாம்ப்ரோஸ் புதிதாக ஒரு பெரிய டிவி வாங்கி மாட்டியிருக்கிறான். நோன்புக்காலம், கறி கிடையாது, அதனால் ஆக்டோபஸ் சுடுவதாகச் சொல்லியிருந்தான். முந்தின நாளே போய் என் தொப்பியை நாற்காலியில் வைத்து இடம் பிடித்துவிட்டேன்.

சபதத்தைக் கண்ணாடியிடம் மட்டும்தான் சொன்னேன். மனைவியிடம் சொல்லும் அளவுக்குத் துணிச்சல் எனக்குக் கிடையாது.

என் பெயர் ஸ்டமாடிஸ். கால்பந்து நடுவராக இருந்தவன். நான் விசில் ஊதினால் இருபத்திரண்டு முரடர்கள் அப்படியே நிற்பார்கள். அது மைதானத்தில். வீட்டில் நடுவர் எவாந்தியா. நான் பந்து.

"ஸ்டமாடி, கிளம்பு. இடிஞ்ச கோயிலைப் பார்க்கப் போறோம்."

"எந்தக் கோயிலை?"

"ரோட்டு வளைவுல இருக்கே, உலகமே வந்து பார்த்துட்டுப் போகுதே, அதை."

"உலகம் பார்க்குது இல்ல? அப்புறம் நாம எதுக்கு?"

"சலோனிக்காவிலேருந்து எங்க அக்கா போன்ல கேக்கறா. மேல ஒரு ஓட்டக்களம் இருக்காமே, எப்படி இருக்கும்னு. டெல்ஃபியிலயே குடித்தனம் பண்றேன், பார்த்ததில்லைன்னு சொல்றதா?"

"கல்லா இருக்கும்னு சொல்லு."

"கல்லைப் பத்தி சொல்லணும்னா உன்னைப் பத்தியே சொல்லிடலாமே. இன்னைக்கு டிக்கெட் கிடையாது, இலவசம்."

"இலவசம்னா கூட்டம் அம்முமே!"

"அம்மட்டும். வா, என் தங்கமே."

அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பயமில்லை. கழுதை என்றாலும் பயமில்லை. 'என் தங்கமே' என்றால்தான் பயம். அடகு வைக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

என் பழைய பழுப்புக் கோட்டைத் தூசி தட்டி அவளே எடுத்து வந்து மாட்டிவிட்டாள். மலையில் காற்று அடிக்குமாம். என்ன அக்கறை பாருங்கள்.

வாசலிலேயே தெரிந்துவிட்டது, உயிரோடு திரும்பினால் பெரிய விஷயம் என்று. ஒரு பஸ் ஜப்பானியர், இரண்டு பஸ் ஜெர்மானியர், ஏதென்ஸிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த குடும்பங்கள். குடையைத் தூக்கிப் பிடித்த ஒரு பெண்ணின் பின்னால் நாற்பது பேர். நான் கொஞ்ச தூரம் அந்தக் குடை பின்னாலேயே போய், பிரெஞ்சில் பாதி சரித்திரம் கேட்டுவிட்டேன். எவாந்தியா வந்து காலரைப் பிடித்து இழுத்தாள்.

ஏற்றமோ ஏற்றம். முட்டி இரண்டும் முனகின. ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

பீ...ப்!

காவல்காரப் பெண். பொலிக்ஸேனி என்று பெயர், எங்கள் ஊர்ப் பெண்தான். தொண்டை கட்டிப்போன குரலில் கத்தினாள்: "மாமா! எழுந்திருங்க! அது பழங்காலக் கல்லு!"

"நானும்தான்மா பழங்காலம்!"

"உங்களை யாரும் படம் எடுக்க வரலை மாமா. எழுந்திருங்க."

யார் எந்தக் கல்லைத் தொட்டாலும் விசில். சாய்ந்தால் விசில். தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தால் இரண்டு விசில். ஒவ்வொரு விசிலுக்கும் எவாந்தியா திடுக்கிட்டு அப்படியே நின்றுவிடுவாள். சட்டம் என்றால் அவளுக்குப் பயம். நான் சட்டமாக இல்லாமல் போனேனே என்று நொந்தபடி கோட்டுப் பைக்குள் கையை விட்டேன்.

விரலில் ஏதோ தட்டியது. குளிர்ச்சியாக, உருண்டையாக, கயிற்றோடு.

என் விசில்!

வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் விசில். பைக்குள் எப்படி வந்தது? யோசிக்க நேரமில்லை. அந்தக் காலத்தில் ராஜாக்கள் எல்லாம் இந்த மலைக்கு வந்து, இந்தக் கோயில் சாமி அப்போலோவிடம் யோசனை கேட்பார்களாம். வருஷக்கணக்கில் காத்திருப்பார்களாம். நான் வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை. பதிலைப் பையிலேயே போட்டுவிட்டார்!

எவாந்தியா மேல்படியில் காலை வைத்தாள். நான் தூணுக்குப் பின்னால் போய் ஊதினேன்.

பீ...ப்!

நின்றாள். அவள் மட்டுமா? அந்த ஒரு பஸ் ஜப்பானியரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். முத்தம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி பட்டென்று விலகியது. ஒரு ஜெர்மன்காரர் தான் வைத்திருந்த ரொட்டியைத் தன் மனைவி பையில் போட்டார்.

"மேல போகக்கூடாது போலிருக்கே" என்றாள் எவாந்தியா.

"நானும் அதைத்தான் நினைச்சேன். சட்டம்னா சட்டம்தான். வா, இறங்கலாம்."

"இரு, அந்தப் பக்கமா வழி இருக்கான்னு பார்க்கறேன்."

அந்தப் பக்கம் போனாள். பீ...ப்! கோயிலைச் சுற்றிக்கொண்டு போனாள். பீ...ப்! பழைய நாடக அரங்கின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். திருப்பியதற்கே ஊதினேன். மைதானத்தில்கூட நான் இப்படி அநியாயமாக ஊதியதில்லை. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மூக்கில் ஆக்டோபஸ் வாசனை வர ஆரம்பித்தது.

"ஸ்டமாடி, ஒண்ணும் புரியலை. நிக்கறவங்களுக்கும் விசிலு, நடக்கறவங்களுக்கும் விசிலு. நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

"எதுக்கு வீணா அந்தப் பொண்ணைத் தொந்தரவு..."

போய்விட்டாள். கூட்டத்துக்குள் இரண்டு பெண்களும் தலையோடு தலை வைத்துப் பேசுவது தெரிந்தது. பிறகு இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் விசிலைக் கைக்குள் மறைத்தேன். கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"இவருதாம்மா" என்றாள் எவாந்தியா. "என் வீட்டுக்காரர். முப்பது வருஷமா இந்த விசிலைக் கேட்டுட்டு இருக்கேன். தூக்கத்துல ஊதினாலும் கண்டுபிடிச்சிடுவேன். ஆரம்பத்துல ஒரு இழுப்பு, கடைசியில ஒரு விக்கல்."

கயிற்றையும் கைக்குள் சுருட்டினேன்.

"மன்னிச்சுக்கோ பொலிக்ஸேனி, நான் சும்மா..."

"மன்னிப்பா? கும்பிடறேன் மாமா!" என்றாள் அந்தப் பெண். "என்னோட வேலை செய்யறவனுக்குக் கால் சுளுக்கு, வரலை. மேல ஓட்டக்களத்துல ஆளே இல்லை. கயிறு கட்டியிருக்கோம், எல்லாரும் தாண்டித் தாண்டி உள்ள ஓடறாங்க. எனக்கோ தொண்டையே போச்சு. நீங்க ஊதினா கூட்டமே நிக்குதே! கயித்துக்கிட்ட நின்னு ஊதினாப் போதும். மூடற வரைக்கும்தான்."

"மூடற வரைக்குமா? எனக்கு... எனக்கு முட்டி..."

"ஆசையை மறைக்காதே" என்றாள் என் மனைவி. "ஊதணும் ஊதணும்னு துடிச்சியே. எனக்கும்தான் முட்டி வலி, நான் மேல ஏறலை. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டறேன். நீ ஓட்டக்களத்தைப் பார்த்துட்டு வந்து சொல்லு, அக்காவுக்கு நான் சொல்லிக்கறேன். போயிட்டு வா, என் தங்கமே."

எந்த ஏற்றத்தைத் தவிர்க்க விசில் ஊதினேனோ, அதே ஏற்றத்தை அதே விசிலோடு ஏறினேன்.

பொய் சொல்லக்கூடாது, களம் அழகுதான். நீளமாக, இரண்டு பக்கமும் கல் வரிசை, தலைக்கு மேலே பாறை. எத்தனையோ பொட்டல் காட்டில் ஊதியிருக்கிறேன். இப்படி ஒரு மைதானம் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஒரு டச்சுக்காரர் கயிற்றைத் தாண்டினார். ஊதினேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மஞ்சள் அட்டை இல்லை. கைக்குட்டையை எடுத்துக் காட்டினேன். அந்த மனிதர் தலை குனிந்து வெளியே வந்தார். மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

அப்போது மணி மூன்று.

எங்கள் ஊரில் எல்லோரும் பிரேயஸ் பக்கம். நாங்கள் கோல் போட்டால் ஊரே கத்தும், மலை எதிரொலிக்கும். எதிரணிக்குச் சந்தோஷப்பட ஊரில் ஒரே ஒரு ஆத்மாதான் உண்டு, அதுவும் சலோனிக்காவில் பிறந்த ஆத்மா. நான் காதைக் கீழே ஊர்ப்பக்கம் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஊர் கத்தவில்லை. காற்றுதான் வந்தது. பிறகு, அந்தக் காற்றில், வெகு கீழேயிருந்து ஒரே ஒரு பெண் குரல் வீறிட்டது.

அவள் என் விசிலைக் கண்டுபிடித்த மாதிரி, நானும் முப்பது வருஷமாக அந்தக் குரலைக் கேட்டு வருகிறவன். அது வீட்டில் காலை நீட்டியிருக்கும் குரல் இல்லை.

இன்னொரு தடவையும் வீறிட்டது.

களத்தை மூடியதும் விழுந்தடித்து இறங்கி லாம்ப்ரோஸ் கடைக்குப் போனேன். உள்ளே இழவு வீடு மாதிரி எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், என் நாற்காலியில், சலோனிக்கா அணியின் கறுப்பு வெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, என் தொப்பியையும் தலையில் வைத்துக்கொண்டு எவாந்தியா. முன்னால் ஆக்டோபஸ் இருந்த தட்டு. தட்டில் பிழிந்து போட்ட எலுமிச்சம்பழத்தோல்.

"உனக்கு முட்டி வலியாச்சே?"

"அதான் உட்கார்ந்திருக்கேன்."

"எவாந்தியா, தோத்தது தோத்துட்டோம். ஒண்ணு மட்டும் சொல்லு. ஆணியில தொங்கின விசிலு என் கோட்டுப் பைக்குள்ள எப்படி வந்துச்சு?"

என் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"நேத்து ரொட்டிக் கடையில பொலிக்ஸேனி, மேல நிக்க ஆளில்லைன்னு அழுதா. கவலைப்படாதே, நாளைக்கு விசிலோட ஒருத்தரை அனுப்பி வைக்கறேன்னு நான்தான் வாக்குக் கொடுத்துட்டு வந்தேன்."