பிள்ளையோடு வருவோர்க்கு மட்டும்

பொய் சொல்லவேண்டும் என்று யசீகரன் தான் குடியேறியிருந்த வெளிநாட்டு ஊரான பாபடோயிட்டோயின் கடைத்தெருவுக்குப் போகவில்லை. அரிசி வாங்கத்தான் போனான். சனிக்கிழமை, போதாக்குறைக்கு மழை. சூப்பர்மார்க்கெட் முன்னால் கார் விட இடமே இல்லை. சுற்றிச் சுற்றி அலுத்துப் போனபோது, வாசலுக்கு நேர் எதிரே அகலமாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது. பிறகென்ன, யோசிக்காமல் உள்ளே விட்டுவிட்டான்.

எஞ்சினை நிறுத்திய பிறகுதான் பலகையைக் கண்டான். ஒரு பெரிய உருவம் ஒரு சின்ன உருவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கான இடம். யசீகரனுக்கும் லக்ஷிகாவுக்கும் இன்னும் பிள்ளை இல்லை. காரில் அவனோடு வந்திருந்தது அவனுடைய அப்பா இரத்தினசிங்கம். எழுபதைத் தாண்டியவர்.

"அப்பா, இறங்காதேங்கோ. வேற இடம் பாப்பம்."

அவர் எப்போதோ இறங்கிவிட்டார். குடையை விரித்துப் பிடித்தபடி பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த மனிதர். எதைக் கண்டாலும் இது என்ன, ஏன் இப்படி, யார் செய்தது என்று கேட்காமல் அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். ஊரிலிருந்து வந்த நாள் முதல் தபால்பெட்டி, புல்லு வெட்டும் மெஷின், பக்கத்து வீட்டுப் பூனை என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்.

"பே... ரன்ட். அதெண்டால் தாய் தகப்பன். சை... சைல்ட். பிள்ளை." திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "தம்பி, இது எங்களுக்கெல்லே!"

"எங்களுக்கோ?"

"நான் தகப்பன். நீ என்ர பிள்ளை. தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வாற பிள்ளையளுக்கு வாசலோட இடம் விட்டிருக்கிறாங்கள்!"

யசீகரனுக்கு நாற்பத்தொரு வயது. முன்மண்டையில் முடி இல்லை. பக்கத்து ஊரான விரியில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தமிழில் பிள்ளை என்ற சொல்லுக்கு வயதெல்லை கிடையாது என்பது அந்தப் பலகையை எழுதியவனுக்கு எப்படித் தெரியும்!

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் வந்த நாளிலிருந்து இந்த நாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "சத்தமில்லாத ஊர், சனமில்லாத ரோட்டு" என்பதோடு சரி. கனடாவில் இருக்கும் தம்பி பிரணவனோ கிழமைக்குக் கிழமை போன் எடுத்து, "அப்பா, இஞ்ச வாங்கோ. ரொறன்ரோவில தடக்கி விழுந்தால் தமிழ்க் கடை" என்று ஆசை காட்டிக்கொண்டிருந்தான். அப்பாவின் விசா முடியப்போகிறது. அடுத்த கிழமை ஞாயிறு போன் எடுக்கும்போது, கனடாவா இல்லை இங்கேயேதானா என்று முடிவு சொல்வதாக அப்பா சொல்லியிருந்தார்.

அப்பா தன்னோடேயே இருந்துவிடவேண்டும் என்று யசீகரனுக்கு நெஞ்சு நிறைய ஆசை. இருபது வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டவன், இப்போதுதான் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறான். ஆனால் "நில்லுங்கோ அப்பா" என்று வாய்விட்டுக் கேட்க அவனுக்கு வரவில்லை. போர்வை போதுமா, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டா என்பதோடு நின்றுவிடும்.

"ஓம் அப்பா," என்றான். "எங்களுக்குத்தான்."

"பாத்தியே! வெள்ளைக்காரன் தாய் தகப்பனைப் பாக்கமாட்டான் எண்டு எங்கட ஆக்கள் வாய்க்கு வந்தபடி கதைக்கிறவை. இப்பிடி ஒரு சட்டம் எங்கட ஊரிலயும் இல்லையே!" அவர் பலகையை இன்னொரு தரம் பார்த்தார். "அது சரி, பெரிசு ஆர்? சின்னன் ஆர்?"

"பெரிசு மகன். சின்னன் அப்பா."

"ஏன் அப்பாவைச் சின்னனாக் கீறினவங்கள்?"

"வயசு போனால் ஆக்கள் குறுகிப் போவினம்தானே."

அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

அன்று இரவே பிரணவனுக்கு போன் போய்விட்டது. "டேய், உங்கட கனடாவில தாய் தகப்பனுக்குப் பார்க்கிங் இருக்கோ? இல்லையோ? இஞ்ச இருக்கு!" பிரணவன் உடனே அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

"அண்ணை, என்ன கதை விடுறாய்?"

"ஹலோ? ஹலோ? லைன் கிளியர் இல்லையடா," என்று யசீகரன் போனை வைத்துவிட்டான்.

சமையலறையில் லக்ஷிகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இஞ்சருங்கோ, இப்பவே உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. பிறகு ஆரும் சொல்லி மாமாவுக்குத் தெரிஞ்சால், மகனே தன்னைப் பேயன் ஆக்கினவன் எண்டு வாற பிளேனில ஏறிப் போயிடுவார்."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறும். அவர் முடிவு சொல்லட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லுவன்."

"உங்களுக்குப் பொய் சொல்லவும் வராதப்பா. காது சிவக்குது."

அடுத்த சனிக்கிழமை வந்தது. யசீகரன் உஷாராகக் காரை எங்கோ தூரத்து மூலைக்குத் திருப்பினான்.

"ஏன் தம்பி அங்க போறாய்? எங்கட இடம் வாசலில சும்மா கிடக்குது."

"நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே அப்பா."

"அரசாங்கம் எனக்குத் தந்த மரியாதையை நீ ஏன் வேண்டாமெண்டுறாய்?"

யசீகரன் காரைத் திருப்பி வாசலில் விட்டான். இறங்கினதுதான் தாமதம், பக்கத்து இடத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. ரக்பி சட்டை போட்ட ஒரு பெரிய ஆள் தனியாக இறங்கிக் கடைக்குள் ஓடினான்.

"தம்பி, இவன்ர தாய் தகப்பன் எங்க?"

யசீகரன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "தகப்பன் போன மாசம் மோசம் போயிட்டார் அப்பா. பாவம், பழக்கத்தில இஞ்ச விடுறான்."

"ஐயோ, கடவுளே!"

அவர் கடைக்குள் போக மறுத்துவிட்டார். அந்த ஆள் ஒரு பியர்ப் பெட்டியோடு திரும்பி வரும்வரை காருக்குப் பக்கத்திலேயே நின்றார். வந்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தார்.

"சொறி," என்றார் கனிவாக. பலகையைக் காட்டினார். "ஃபாதர்... நோ. சொறி. வெரி வெரி சொறி."

அந்த மனிதன் பலகையைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான், தன் வெறும் காரைப் பார்த்தான். கழுத்துவரை சிவந்துபோனான். ஒரு நிமிஷம்தான் விட்டேன், இனிமேல் விடமாட்டேன் என்று தடுமாறிச் சொல்லிவிட்டு, பெட்டியைக் காருக்குள் போட்டுக்கொண்டு பறந்தான்.

"எவ்வளவு கவலையோட போறான், பாத்தியே," என்றார் அப்பா.

காலியான அந்த இடத்தைப் பிள்ளையோடு வந்த ஒரு தாய் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு இடமில்லை. காரின் பின் சீட்டில் இரட்டைக் குழந்தைகள் போட்டிக்குக் கத்திக்கொண்டிருந்தன. அவள் கண்ணாடியை இறக்கி யசீகரனைப் பார்த்து, "உன்னுடைய பிள்ளை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என்னவாம் தம்பி?"

"நீங்கள் சுகமோ எண்டு கேக்கிறா."

"குட்! குட்! தேங்க்யூ!" அப்பா இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். பிறகு மகனின் தோளில் தட்டி, "மை சைல்ட்!" என்றார் பெருமையாக.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! யசீகரன் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனான். சீக்கிரம் அரிசியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் போதும். அரிசி மூட்டையில் கை வைக்கும்போது கடை ஒலிபெருக்கி கரகரத்தது. வெள்ளைக் கொரோலா, நம்பர் இன்னது, சொந்தக்காரர் உடனே விசாரணை மேசைக்கு வரவும்.

அப்பா காதைத் தீட்டிக்கொண்டார். "கொரோலா எண்டது கேட்டுது. எங்கட காரோ?"

"ஓம்..."

"என்னத்துக்குக் கூப்பிடினம்?"

"அது வந்தப்பா... தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்த ஆக்களுக்குள்ள ஒருத்தருக்குப் பரிசு குடுக்கிறவை. இந்த முறை எங்களுக்கு விழுந்திருக்கு."

சொன்ன பிறகுதான் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டது விளங்கியது.

"பரிசோ! பிறகேன் நிக்கிறாய்? வா, வா!"

விசாரணை மேசையில் ஒரு பெண் நின்றாள். சட்டையில் பேர்ணடெட் என்று ஆங்கிலத்தில் பெயர் குத்தியிருந்தது. முகத்தையும் பெயரையும் பார்த்து, கோவாக்காரியாக இருக்கும் என்று யசீகரன் முடிவு கட்டினான். அவள் ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் தொடங்கினாள்.

"சேர், அந்த இடம் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு. வெளியே ஒரு அம்மா முறைப்பாடு சொல்கிறார். தயவுசெய்து காரை எடுங்கள்."

"என்னவாம்?" என்றார் அப்பா.

"வாழ்த்துச் சொல்லுறா அப்பா."

"பரிசு என்னெண்டு கேள்."

யசீகரன் அவளிடம் ஆங்கிலத்தில், "பற்பசை எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்கிறார்," என்றான். காது நெருப்பாக எரிந்தது.

"அந்தப் பக்கம்," என்று அவள் கையைக் காட்டினாள்.

"பரிசு அந்தப் பக்கம் இருக்கோ தம்பி?"

"இல்லை அப்பா. பரிசு முடிஞ்சு போச்சாம். அடுத்த கிழமை தருவினமாம்."

"அதெப்பிடி? கூப்பிட்டுப்போட்டு இல்லையெண்டால் என்ன நியாயம்? மனேச்சரைக் கூப்பிடச் சொல்லு. நான் கதைக்கிறன்."

மனேச்சர் வந்தால் கதை கந்தல். யசீகரன் கண்ணாலேயே அவளைக் கெஞ்சினான். பேர்ணடெட் அவனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்து, ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்து இரண்டு கைகளாலும் அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தேங்க்யூ, தேங்க்யூ. தம்பி, நீ காசைக் குடுத்து அரிசியை எடு. நான் அந்தப் பூசணிக்காய் என்ன விலையெண்டு பாக்கிறன்." பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரக்கறிப் பக்கம் நடந்தார்.

யசீகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான். பிஸ்கட்டுக்கு எவ்வளவு என்று கேட்டான். காரை இந்த நிமிஷமே எடுத்துவிடுவதாகச் சொன்னான்.

"கெதியா எடுங்கோ அண்ணை. அந்த அக்கா ரெண்டு பிள்ளையளோட மழைக்குள்ள நிக்கிறா," என்றாள் அவள்.

அவன் அப்படியே விறைத்துப்போனான். "நீங்கள்... தமிழோ?"

"ஓம், மன்னார்."

தான் சொன்னது, அப்பா சொன்னது, பரிசு, பற்பசை எல்லாம் இவளுக்கு விளங்கியிருக்கிறது! யசீகரனுக்கு மேசைக்குக் கீழே புகுந்துவிடலாம் போல இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் கூட. நாளைக்கு ஞாயிறு.

"தங்கச்சி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அப்பாவுக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் கனடாவுக்குப் போயிடுவார். அவர் என்னோட இருக்கவேணும் எண்டுதான் இவ்வளவு பொய்யும்." சொல்லும்போது அவனுக்கே, அப்பாவிடம் ஒருநாளும் சொல்லாததை முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லிக்கொண்டு நிற்கிறோமே என்று இருந்தது.

பேர்ணடெட் பூசணிக்காய்ப் பக்கம் எட்டிப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஐயா புதன்கிழமையே தனிய நடந்து வந்து, அந்தப் பலகை என்னத்துக்கெண்டு என்னட்டைக் கேட்டுத் தெரிஞ்சுகொண்டிட்டார் அண்ணை, 'நான் கனடாவுக்குப் போகேல்லைப் பிள்ளை, ஆனா என்னை மறிக்கிறதுக்கு என்ர மகன் இன்னும் என்னென்ன பொய்யெல்லாம் சொல்லுவான் எண்டு ஆசைதீரப் பாக்கவேணும், ஞாயிறு வரைக்கும் அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ' எண்டவர்."