டச்சஸை அவிழ்த்துவிட்டேனா என்பது பற்றி

டேவி ஹில்,
மான்செராட்.
மார்ச் 27, வியாழக்கிழமை

என் பெரும் மரியாதைக்குரிய அக்கா இவாஞ்சலின் அவர்களுக்கு, தம்பி அல்ஃபியஸ் மீட் பணிவோடு எழுதிக்கொள்வது.

நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பற்றி இதற்குள் லெஸ்டருக்கு மூன்று பேராவது போன் செய்திருப்பார்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லியிருப்பார்கள். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், நான் இல்லாத இந்த மூன்று வாரத்தில் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்து வைக்க யாராவது கிடைத்திருப்பார்கள் என்றும் நம்புகிறேன். நானே போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், எனக்குத் தைரியம் போய்விடும். கடிதத்தில் கடைசிவரை என்னைப் பேசவிட்டே ஆகவேண்டும்.

ஊருக்குத் திரும்பினேன் என்று சொல்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது அக்கா. நம் பிளிமத் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் கிடக்கிறது, உள்ளே போகத் தடை. இருபத்தொன்பது வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பிய மனிதன், ஊருக்கு எட்டு மைல் இந்தப் பக்கம், சித்தி மகன் கிளென்ராயின் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அதே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ரொட்டி வாங்கக் கடைக்குப் போனால், அறுபத்தேழு வயசுக்காரனைப் பார்த்து, "யார் வீட்டுப் புள்ளப்பா நீ?" என்கிறார்கள். "பிளிமத் மீட் வீடு" என்றேன். கல்லாவில் இருந்த அம்மா கண்ணைச் சுருக்கினாள். "எந்த மீடு? கழுதை வச்சிருந்தாங்களே, அந்த மீடா?" என்றாள். ரொட்டியைக் கல்லாமேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொள். தொண்ணூற்றாறில் நீ ஆபரேஷனுக்கு ஆன்டிகுவா போனாய். வீட்டையும் உன் கழுதை டச்சஸையும் என் பொறுப்பில் விட்டுப் போனாய். ஒவ்வொரு முறை போன் செய்தபோதும், "டச்சஸுக்குத் தீனி வச்சியா?" என்று கேட்டாய், "ரெண்டு வேளையும் வச்சேன்" என்று சொன்னேன். வைக்கவில்லை அக்கா. ஒரு வேளைகூட வைக்கவில்லை. அது கட்டியிருந்த இடம் தோட்டத்தின் கோடியில், சீமைப்பலா மரத்தடியில்; அந்த நாட்களில் மலை உறுமிக்கொண்டே இருந்தது, எனக்குக் கொல்லைக் கதவைத் திறக்கவே பயம். கயிறு நீளமானது, புல்லும் இருக்கிறது, தானே மேய்ந்துகொள்ளும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு வாரமும் அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது, நம்மைப் போலத்தான் என்று நினைத்தேன். அப்புறம் ஒலிபெருக்கி கட்டிய லாரி வந்து, எல்லோரும் உடனே வடக்கே கிளம்புங்கள் என்றது. நான் ஒரு சூட்கேசையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். முகாமுக்கு வந்த உன் போனில் முதல் கேள்வி, "டச்சஸ அவிழ்த்துவிட்டியா?" என்பது. "அவிழ்த்துவிட்டேன் அக்கா, நல்லா ஓடிப்போச்சு" என்றேன். அடுத்த வாரம் பகலில் ஒரு மணி நேரம் உள்ளே போய்ச் சாமான் எடுத்துவர அனுமதித்தார்கள். எல்லோரும் போனார்கள். நான் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். போனால் அந்த மரத்தடியில் என்ன பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். மாதம் முடிவதற்குள் இங்கிலாந்துக்கு வந்துவிட்டேன்.

நீயும் ஆன்டிகுவாவிலிருந்து நேரே வந்து சேர்ந்தாய். அதற்கப்புறம் லெஸ்டரில், சலவைத் துணி மூட்டையை மாடிக்குத் தூக்க நான் கொஞ்சம் தயங்கினாலும் நீ பெருமூச்சு விட்டு, "டச்சஸ் இருந்திருந்தா சுமந்திருக்கும்" என்பாய். நான் ஓடிப் போய்த் தூக்குவேன். ஆறு முறை உன் சமையலறைக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன். ஏன் என்று இப்போது உனக்குப் புரியும்.

உன்னிடம் சொன்னபடி நான் இங்கே வந்தது மார்ச் மாதத் திருவிழாவுக்கு இல்லை. அந்த மரத்தடியை ஒரு தடவை பார்க்கத்தான் வந்தேன்.

கிளென்ராய் மணல் லாரி ஓட்டுகிறான். தடைப் பகுதிக்குள் போய்ப் பழைய துறைமுகத்துப் பக்கம் மணல் அள்ளிவர அவனுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. கூட ஆள் ஏற்ற அனுமதி இல்லை. மூன்று நாள் அவன் காலைப் பிடிக்காத குறை. "அண்ணே, மாட்டினா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க. எனக்கு ரெண்டு புள்ள இருக்கு" என்றான். வீட்டை ஒரு முறை பார்த்துவிட்டுச் செத்துப்போகிறேன் என்றேன். "சாவுறதா இருந்தா லாரில சாவாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டான். செவ்வாய்க்கிழமை காலை டிரைவர் இருக்கைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் என்னைச் சுருட்டிவைத்தான். சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரப் பெண், "என்ன கிளென்ராய், லாரி தும்முது?" என்று கேட்டாள். "சாம்பல் சேர்ந்துபோச்சு மேடம், ஃபில்டரு மாத்தணும்" என்றான். நான் அடுத்த தும்மலை விழுங்கினேன். அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

நம் வீட்டுக்குக் கீழ்த்தளம் இல்லை அக்கா. மாடி ஜன்னல் தரையோடு தரையாக இருக்கிறது. என்னை அங்கே இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று கிளென்ராய் மணல் அள்ளப் போய்விட்டான். அம்மாவின் அறைக்குள் ஜன்னல் வழியாக, ஒரு திருடனைப் போலக் காலை வைத்தேன். கட்டிலில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் படுத்திருந்தது. கொல்லைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். தோட்டம் இல்லை, வேலி இல்லை, மரமும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மேடு, அதன்மேல் முள்செடி. பன்னிரண்டடி ஆழத்தில் எங்கேயோ அந்த மரத்தடி. நான் எதைப் பார்க்கப் பயந்து இருபத்தொன்பது வருஷம் ஓடினேனோ, அதைப் பார்க்க வழியே இல்லை. குத்துமதிப்பாக ஒரு இடத்தில் நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "டச்சஸ்" என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் சங்கு ஊதியது.

தூரத்தில், மெல்லிசாக, ஆனால் நிற்காமல் ஊதியது. மலை வெடிக்கப்போகிறது என்று முடிவு செய்தேன். ஓடினேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாததால் வீட்டைச் சுற்றியே ஓடினேன். வலது கால் ஷூவைச் சாம்பல் பிடுங்கிக்கொண்டது. செய்த பாவத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். யாரோ அவிழ்த்துவிட்டுப் போன நாலைந்து மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன. லாரியோடு வந்த கிளென்ராய், மண்டியிட்டுக் கிடந்த என்னைத் தூக்கி நிறுத்தினான்.

"மணி பன்னெண்டு அண்ணே. தினமும் ஊதுவாங்க. வேலை செய்யுதான்னு பாக்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதாடா?"

"நீங்க கழுதைய அவிழ்க்காததை என்கிட்ட முன்னாடியே சொன்னீங்களா?"

அதுவரை நான் புலம்பியதையெல்லாம் கேட்டிருக்கிறான்.

இனிமேல் எழுதுவதைப் படிக்கும்போது தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடு. திரும்பும் வழியில் பெல்ஹம் ஆற்றைக் கடக்க வேண்டும். காலையில் அது காய்ந்த மணல்தான். இப்போதும் எங்கள் தலைக்குமேல் வெயில். ஆனால் மலை உச்சியில் கருமேகம் உட்கார்ந்திருந்தது. கிளென்ராய் கரையில் லாரியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டான். "மேல மழை பெய்யுது அண்ணே. வெள்ளம் இறங்கும். ஒரு மணி நேரம் காத்திருந்து பார்ப்போம்." காத்திருந்தால் மற்ற லாரிகளும் வந்து சேரும், எல்லோர் கண்ணிலும் படுவேன், சாவடியில் இறக்கிப் பார்ப்பார்கள். "தண்ணியே இல்லையே, போ, போ" என்று சொன்னது நான்தான். இதையும் என் கணக்கில் எழுதிக்கொள். அவன் போனான்.

நடு ஆற்றில் பின்சக்கரம் புதைந்தது. அவன் முறுக்க முறுக்க இன்னும் புதைந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது, யாரோ மேலேயிருந்து ஒரு கூடை கல்லைக் கொட்டுவது மாதிரி. கொட்டி முடிக்கவேயில்லை. வளைவில் சேறு வந்தது. தண்ணீர் என்று சொல்லமாட்டேன். அது மரத்தையும் பாறையையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்தது. "மேல ஏறுங்க!" என்று கிளென்ராய் கத்தினான். மணல் குவியல்மேல் ஏறினோம். அவன் தார்ப்பாய்க் கயிற்றை என் இடுப்பில் கட்டி லாரி விளிம்போடு முடிந்தான். அவன் இடுப்பில் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தான். கிடைத்த பக்கமெல்லாம் சுற்றி இழுத்தேன். என்ன முடிச்சுப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அக்கரையில் அதே போலீஸ்காரப் பெண், கையில் ஒலிபெருக்கியோடு. "கிளென்ராய்! உன் ஃபில்டரு எழுந்து நிக்குது!" என்று கத்தினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சேறு சக்கரத்தை மூடியது, கதவைத் தொட்டது, லாரி ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. மணல் குவாரியின் பொக்லைன் ஒன்று கரையோரமாக வந்து கையை நீட்டியது. நீட்டிய கை எங்கள் தலைக்குமேல் வந்து ஆடியது. என் இடுப்பு முடிச்சைக் கிளென்ராய் ஒரே இழுப்பில் அவிழ்த்தான். "ஏறுங்க அண்ணே, நீங்க முதல்ல!" நான் அந்த இரும்புக் கூடைக்குள் ஒரு காலை வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். அவன் இடுப்பில் நான் போட்ட முடிச்சு. நனைந்து, இறுகி, கல் மாதிரி ஆகிவிட்டது. அவன் நகத்தால் பிராண்டிக்கொண்டே, "போங்க, போங்க, நான் வந்துருவேன்" என்றான். அவனுக்கு வர வழியில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அக்கா, எனக்கு வயிற்று வலி வந்தது. சத்தியமாக வந்தது. ஆனாலும் வைத்த காலை எடுத்துவிட்டேன். மண்டியிட்டு அந்த முடிச்சைப் பல்லால் பிடித்தேன். மேல்வரிசைப் பல்செட் இரண்டாக உடைந்தது; கீழே மிச்சமிருக்கும் என் சொந்தப் பல்லாலும் ஈறாலும் இழுத்தேன். என் காலுக்கடியில் மணல் சரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதே. முடிச்சு விட்டுக்கொடுத்தபோது வாயெல்லாம் ரத்தம். ஒருவர் ஏறும் கூடையில் இரண்டு பேரும் விழுந்தோம். நாங்கள் மேலே போகும்போது லாரி மெதுவாகப் படுத்துக்கொண்டது.

கரையில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். அந்தப் பெண், சார்ஜென்ட் ஷெரிலின் கேசல், எனக்கு ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு நோட்டைத் திறந்தாள்.

"தடைப் பகுதிக்குள்ள எதுக்குப் போனீங்க அங்கிள்?"

"கழுதைக்கு." பல் இல்லாததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க கழுதையா? எப்போ காணாமப் போச்சு?"

"தொண்ணூத்தாறு ஏப்ரல்ல."

அவள் பேனாவை மூடினாள். "அங்கிள், நான் பொறந்ததே தொண்ணூத்தெட்டுல."

முப்பது பேரும் சிரித்தார்கள். நான் அழுதேன். காரணம் என்ற இடத்தில் அவள் 'கழுதை' என்றே எழுதியிருக்கிறாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். லாரியை நேற்று இழுத்துப் போட்டார்கள், ஓடுமா என்று தெரியவில்லை. கிளென்ராயின் சீட்டை ஒரு மாதம் நிறுத்திவைத்துவிட்டார்கள். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் மனைவி இரண்டு நாளாக எனக்கு மட்டும் ஆட்டுக்கறிச் சாற்றில் கறி போடுவதில்லை, அது நியாயம்தான்; மெல்லவும் முடியாது.

ஆகவே அக்கா, உன் டச்சஸைக் கொன்றவன் நான். கட்டிப்போட்டுப் பட்டினி போட்டு, சாம்பலுக்குக் கொடுத்துவிட்டு, உன்னிடம் இருபத்தொன்பது வருஷம் பொய் சொன்னவன். மன்னிக்கச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். இந்த ஊரில் எனக்கு இனி முகம் இல்லை. கோர்ட் முடிந்த மறுநாளுக்கு லெஸ்டருக்கு ஒரு டிக்கெட் போட்டுவை. மிச்ச நாளெல்லாம் உன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறேன். ஏழாவது முறையும் பெயின்ட் அடிக்கிறேன்.

உன் முழங்காலுக்கும் உன் வீட்டுக்கும் கர்த்தர் காவலாக இருக்கட்டும். கிளென்ராயும் பிள்ளைகளும் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

உன் காலடித் தூசிக்கும் கீழான தம்பி,
அல்ஃபியஸ்

பி.கு. வெள்ளிக்கிழமை காலை. கவரை ஒட்டப் போகும் நேரத்தில் மிஸ் ஹெஸ்டர் ஃபெரல் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அம்மாவோடு ஞாயிறு பள்ளி நடத்திய அதே ஹெஸ்டர், வயது எண்பத்தெட்டு. என் வழக்கு தீவு முழுக்கப் பரவிவிட்டதாம். உட்காரவும் இல்லை.

"எந்தக் கழுதைக்காகடா ஆத்துல போய் விழுந்த?"

"டச்சஸ், மிஸ் ஹெஸ்டர்."

"டச்சஸா? அது இங்க வடக்க, எங்க வீட்டுக் கொல்லையிலல்ல இருந்துச்சு! உங்க அக்கா ஆன்டிகுவா போறதுக்கு முந்தின நாளே ஓட்டியாந்து கட்டிட்டுப் போனாளே. 'அல்ஃபியஸ நம்பி ஒரு பூந்தொட்டியக்கூட விட்டுட்டுப் போக முடியாது'ன்னா. பதினாலு வருஷம் இருந்து, என் செம்பருத்தி வேலியெல்லாம் தின்னு, நாலு குட்டி போட்டு, தூக்கத்துல செத்துச்சு. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் பண்ணி விசாரிப்பாளே, உன்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை.

மாண்புமிகு இவாஞ்சலின் மீட் அவர்களே, ஒரு கழுதைகூட இல்லாத மரத்தடியில் நான் இரண்டு வேளையும் தீனி வைத்ததாகச் சொன்னபோது, தாங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எப்படிச் சிரிக்காமல் இருந்தீர்கள்? மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்பு முழுவதையும் இதன்மூலம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். புதிதாக எழுதத் தாள் இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன். டிக்கெட் வேண்டாம். தங்களிடமிருந்து பதில் கடிதம் வேண்டும், குறைந்தது நான்கு பக்கம்.

டச்சஸின் பேத்தி ஒன்று மிஸ் ஹெஸ்டரிடம் இருந்தது, எனக்குக் கொடுத்துவிட்டார். கிளென்ராயின் கொல்லையில் நிற்கிறது. இவாஞ்சலின் என்று பெயர் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து கூப்பிடுகிறேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறது.