ஆறு கொக்கியும் என் முதுகும்

மண்டையில அடிபட்டவன் சீக்கிரம் சொகமாகணும்னு சாமி கும்பிடுவான். நான் சொகமாகவே கூடாதுன்னு முடிவெடுத்தேன். சிரிக்காதீங்க, கேளுங்க.

நிவித்திகல பக்கம் எங்க தோட்டம். இருவது வருசமா றப்பர் பால் வெட்டுறேன். ஒரு மழை நாள் சரிவுல வழுக்கி, நான் தெனம் வெட்டுற மரத்துலயே மண்டையக் கொடுத்தேன். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. டொக்டர் கண்ணுல டோர்ச் அடிச்சுப் பாத்துட்டு, "மூளை லேசா குலுங்கியிருக்கு. மூணு வாரம் படுத்தே கெடக்கணும்"னு சிங்களத்துல சொல்லி அனுப்பிட்டாரு.

ரத்தம் இல்ல, தையல் இல்ல. லயத்து வரிசை வீடுகள்ல எல்லாரும், "பாக்க நல்லாத்தானே இருக்கே"ங்குறாங்க. உள்ளுக்குள்ள நடந்த கூத்து எனக்குல்ல தெரியும்! வெளிச்சம் பட்டா கண்ணு கூசுது. அடுத்த காம்பரா வீட்டுல கரண்டி விழுந்தா எம் மண்டைக்குள்ள தப்பு மேளம் அடிக்குது. மூணாம் நாள் பால் வெட்டுற கத்தியக் கையில வச்சுக்கிட்டு, அதுக்குப் பேரு என்னன்னு தெரியாம முழிச்சேன். வெளிய சொன்னா பைத்தியம்னுருவானுங்க. அஞ்சாம் நாள் அதே கத்தியோட வேலைக்குக் கெளம்பிட்டேன்.

வாசல மறிச்சுக்கிட்டு எம் பொண்டாட்டி விஜயகலா.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வேலைக்கு. சொகமாயிருச்சு."

"அப்பாடா! மாரியம்மா காப்பாத்திட்டா. திருவிழாவுல வேண்டுதல முடிச்சிருவோம்."

"என்ன வேண்டுதல்?"

"சொகமானதும் பறவைக் காவடி எடுக்குறதா வேண்டியிருக்கேன்."

"யாரு எடுக்குறது?"

"நீங்கதான். முதுகுல ஆறு கொக்கி. தோட்டத்து டிராக்டர்ல ஒரு சுத்து தொங்குனாப் போதும்."

ஆறு கொக்கி! ஒரு ஊசி போடவே என்னய ரெண்டு பேரு அமுக்கிப் புடிக்கணும்.

"அடியேய், எம் முதுக எங்கிட்ட கேக்காம எப்புடிடி வேண்டுன?"

"நீங்க மயக்கத்துல கெடந்தீங்க. முதுகுகிட்டயா கேக்குறது?"

கத்திய வச்சேன். பாயில சாஞ்சேன். "தலை சுத்துதுடி"ன்னேன்.

சொகமானாத்தானே காவடி? அசையவே இல்லையே நான்! பக்கத்து காம்பரா யேசுதாசன் வந்து, "அடோ மச்சான், கடதாசிச் சீட்டு வெளையாட ஒரு கை குறையுது"ன்னான். திரும்பிப் படுத்துக்கிட்டேன். இருட்டு, கஞ்சி, தூக்கம். அதுல பாருங்க, மூணாவது வாரம் நெசமாவே சொகமாயிருச்சு! கூச்சம் போச்சு, தப்புச் சத்தம் போச்சு, மறந்த பேரெல்லாம் திரும்பி வந்துருச்சு. தெரிஞ்சா காவடியில்ல! கத்திய கரண்டின்னேன். கரண்டிய கதவுன்னேன். விஜயகலாவ மரியாயின்னு கூப்பிட்டேன். மரியாயி யேசுதாசன் சம்சாரம். அதுக்கு மட்டும் ஒரு மொற மொறைச்சா.

இருவத்திரெண்டாம் நாள் காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்தா. மொகம் வாடிக் கெடந்துச்சு.

"இன்னும் சொகமாகலயேங்க. அம்மனுக்கு ஆறு பத்தல போல. பன்னெண்டா ஏத்திட்டேன்."

"என்னத்த?"

"கொக்கிய. வர்ற வெள்ளிக்குள்ள எந்திரிக்கலன்னா, நாக்குல ஒரு வேலு."

துள்ளி எந்திரிச்சேன். "சொகமாயிட்டேன்டி! இது கத்தி! அது கரண்டி! நீ விஜயகலா! ஓடு, ஓடிப்போயி ஆறோட நிறுத்து!"

சேலைத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா.

"மறுபடி ஒரு அடி பட்டா ஆள் தேறாது, மூணு வாரம் அசையவிடாதன்னு டொக்டர் என்னயத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாருங்க. எம் பேச்சக் கேட்டு நீங்க படுப்பீங்களா? அதான் காவடின்னு ஒரு போடு போட்டேன். நேத்தோட மூணு வாரம் முடிஞ்சிருச்சு."

"அடிப்பாவி! அப்ப எம் உசுருக்கு நீ வேண்டுதலே வைக்கலயா?"

"வைக்காம இருப்பேனா? ஒத்தத் தேங்கா. உங்க மண்டைக்கு அது போதும்னு பட்டுச்சு."