பெயர் கழன்ற பாத்திரங்கள்

வெந்நீரில் ஊறப்போட்ட பத்தொன்பது கண்ணாடிப் பாத்திரங்களின் அடியிலிருந்தும் பெயர்ச்சீட்டுகள் கழன்று தொட்டியில் மிதந்தன. மெரெடித் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிகாகோ இறையியல் கல்லூரி அவளை ஒரு வருடப் பயிற்சிப் போதகராக வடக்கு டகோட்டாவின் ஸ்கார்விக் கிராமத்துக்கு அனுப்பியிருந்தது. சபையில் பத்தொன்பது வீடுகள். முறை வைத்து அவளுக்கு உருளைக்கிழங்கும் கொத்திறைச்சியும் கண்ணாடிப் பாத்திரத்தில் சுட்டு, அடியில் வீட்டுப் பெயரை ஒட்டி அனுப்புவார்கள். வருடம் முடிய மூன்று வாரம் இருந்தது. சபைக் குழு கல்லூரிக்கு அறிக்கை எழுதும். அதில் 'தேறினார்' என்று இருந்தால்தான் அவள் போதகர்.

அதைவிடவும் அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் அவளைப் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஸ்கார்விக் மக்கள் அப்படியெல்லாம் பேசுகிறவர்கள் அல்லர். ஆலங்கட்டி மழையில் கோதுமை முழுக்கப் போனாலும், "இன்னும் மோசமா இருந்திருக்கலாம்" என்பார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாத்திரங்களை மேசையில் பரப்பினாள்.

"அவங்கவங்களோடத எடுத்துக்குங்க."

நல்ல பாத்திரத்தை எடுத்தால் பேராசை என்றாகிவிடும் என்று யாரும் அதைத் தொடவில்லை. விளிம்பு உடைந்த ஒன்றுக்கு மட்டும் நான்கு பேர் கை நீட்டினார்கள்.

"இது என்னோடது," என்றார் குழுத் தலைவர் ஆர்லன்.

"உங்களோடதா? உங்க வீட்லதான் சமைக்கவே தெரியாதே!" என்றாள் ஆர்கன் வாசிக்கும் வெர்னா.

"அதனாலதான் உடைஞ்சிருக்கு."

மீதிப் பதினெட்டை மெரெடித் குத்துமதிப்பாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லாரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரம் எந்த வீட்டிலும் எதுவும் சுடவில்லை. அடுத்தவர் பாத்திரத்தில் சமைக்க மனம் வரவில்லை; தன்னுடையதைக் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையிலேயே மன்னிப்புக் கேட்டாள்.

"தப்பு என்னோடது. யாரோடது யார்கிட்ட இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்களேன்."

எல்லாரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பாஸ்டரம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் ஆர்லன்.

அவள் மனம் நோகக் கூடாதென்று, செவ்வாய்க்கிழமைக்குள் பதினெட்டுப் புதுப் பாத்திரங்களில் சாப்பாடு வந்து இறங்கியது. ஃப்ரிட்ஜ் கதவு மூடவில்லை. இந்த முறை ஒன்றிலும் பெயர் இல்லை. ஒட்டினால் குத்திக்காட்டுவது போலாகிவிடுமாம்.

வியாழனன்று ஆர்லன் குழுவின் அறிக்கை உறையை அவள் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மெரெடித் பிரித்தாள். பிரசங்கம்: போதாது. நோயாளிகளைச் சந்தித்தல்: போதாது. படிவத்தில் இல்லாத ஒரு வரியைப் பேனாவால் சேர்த்திருந்தார்கள். பாத்திரம் திருப்பித் தருதல்: மிகவும் போதாது. கடைசியில்: தேறவில்லை.

ஆலயத்துக்குள் வெர்னா பாட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். மெரெடித் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே, நெடுஞ்சாலைக்குப் போகும் மண்பாதை கோதுமைக்கு நடுவே கோடு போட்டதுபோல் நீண்டு கிடந்தது.

"பனிப்புயல்ல ஆர்லன் சம்சாரத்தோட ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்தேன். ஆறு பேரை அடக்கம் பண்ணினேன். எனக்கு இந்த ஊரை விட்டுப் போகவே மனசில்லக்கா," என்றாள். "அவ்வளவு மோசமாவா இருந்தேன்?"

வெர்னா வாசிப்பை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"உனக்கு முன்னாடி வந்த பத்துப் பேருக்கும் நூத்துக்கு நூறு போட்டு, பத்துப் பேரையும் டவுனுக்குப் பறிகொடுத்தோம், தேறாதவங்கள அதே ஊருக்கே இன்னொரு வருஷம் அனுப்புவாங்களான்னு இந்தத் தடவை காலேஜுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிட்டுத்தாம்மா எழுதினோம்."